மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை: அடுத்த வருஷத்து வண்டிக்கூலி

தையல் மிஷின் விற்கும் கம்பெனி ஒன்றில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். மிஷின் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய், அந்த வீட்டுப் பெண்களுக்குத் தைக்கச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் வீட்டுக்கு ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டுவதும் உண்டு. உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் வைகாசியில், மயிலாப்பூரிலிருந்து கிளம்பி திருவல்லிக்கேணி, தியாகராய நகர், அடையாறு என்று ஒரே நாளில் சுற்றிவிட்டு மயிலாப்பூருக்கே திரும்பினேன். அந்தச் சுற்றைப் பற்றியும் அதனால் வந்த வினையைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. ஆகவே இப்படியே எழுதிவிடுகிறேன். என்னைப் போலக் கம்பெனி வேலையாக ஊருக்குள் அலையும் பெண்கள் இப்போது பெருகி வருகிறார்கள். அவர்களுக்காவது உபயோகப்படட்டும்.

கிளம்பிய காரணம் இதுதான். எங்கள் மானேஜர் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, அடுத்த வருஷம் பிரயாணச் செலவு எவ்வளவு ஆகும் என்று ஆளுக்கொரு எஸ்டிமேட் எழுதித் தரச் சொன்னார். பம்பாயிலிருக்கும் தலைமை ஆபீஸ் கேட்கிறதாம். வெளியூர் போகும் விற்பனைக்காரர்கள் நாலு பேரும் நின்ற இடத்திலேயே ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்கள். எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. என் வண்டிப்படி நாளைக்குப் பன்னிரண்டு அணா. சண்டை மும்முரமாக இருந்தபோது நிர்ணயித்தது. அது போதாமல் மாதம் பத்து ரூபாய்க்கு மேல் என் சம்பளத்திலிருந்தே ஜட்காக்காரருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை நியாயமாக விசாரித்து எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும் என்று நம்பினேன். "நாலு பேரு எழுதின மாதிரி நீயும் எழுதிட்டு வாயேன்" என்றார் என் வீட்டுக்காரர். நான் கேட்கவில்லை.

காலை ஏழரை மணிக்கு லஸ் முனைக்கு வந்தேன். கையில் மரப்பெட்டிக்குள் கைமிஷின், முப்பது ராத்தல் கனம். டிராமில் போனால் ஓரணாவோடு முடிந்துவிடும். ஆனால் அந்த நேரத்துக் கூட்டத்தில் இந்தப் பெட்டியோடு ஏற எந்தக் கண்டக்டரும் என்னை விட்டதில்லை. ஜட்காதான் கதி. வழக்கமாக வரும் காசிம் பாய் அன்றும் இருந்தார். திருவல்லிக்கேணிக்கு இரண்டரை மைல். சண்டைக்கு முன்னால் நாலணா. அன்றைக்குப் பன்னிரண்டு கேட்டார், பத்துக்குப் படிந்தது.

"வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே போறீங்களே பாய். அடுத்த வருஷம் எவ்வளவு கேப்பீங்க? இப்பவே சொல்லிடுங்க, கம்பெனிக்கு எழுதணும்" என்றேன்.

"நான் இன்னாத்தம்மா சொல்றது. கொள்ளுக் கடைக்காரனைக் கேளு. முன்ன ரூபாய்க்கு எட்டுப் படி போட்டான், இப்ப மூணு படி போடறதுக்கே மூஞ்சியைத் தூக்கினுகீறான். நானும் குதிரையாண்ட சொல்லிப் பாத்தேன், நைனா, கொஞ்சம் கம்மியாத் துன்னுன்னு. கேட்டாத்தானே."

"லாடம்?"

"அத்த ஏன் கேக்கறே. இரும்பு வெல ஏறிப் போச்சாம். அடுத்த வருஷம் ஒரு ரூபாக்குக் கம்மியா நம்மால வர முடியாது. இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் சண்டைக்கு வராதே."

கடற்கரைக் காற்று படுகிற வரையில் அந்தப் பயணம் சுகமாகவே இருந்தது. ஐஸ் ஹவுஸ் தாண்டி உள்ளே திரும்பியதும் வெயில் பிடித்துக்கொண்டது. பெரிய மசூதிக்குப் பின்னால் வண்டி நுழைய முடியாத சந்து ஒன்றில் மெஹருன்னிசாவின் வீடு. வண்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். காத்திருந்ததற்குக் காசிம் பாய்க்கு இரண்டணா.

மெஹருன்னிசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கோஷா வீடு, வாசல் படுதாவைத் தாண்டி அவர் வெளியே வருவதில்லை. கணவர் சையத் அத்தர்க் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். மெஹருன்னிசா மாதத் தவணையில் மிஷின் எடுத்து, குழந்தைகள் கவுன் தைத்துத் துணிக் கடைகளுக்குப் போட ஆரம்பித்திருந்தார். இப்படிப்பட்ட வீடுகளுக்குள் ஆண் விற்பனைக்காரர்கள் போக முடியாது என்பதால்தான் கம்பெனி என்னையும் ஸ்டெல்லாவையும் வேலைக்கு எடுத்தது. ஸ்டெல்லா சாந்தோமில் இருப்பவள், புரசைவாக்கம் பக்கம் அவள் பொறுப்பு. "மிஷின் வாங்குங்கள், வீட்டுக்கே வந்து பத்துப் பாடம் சொல்லித் தருகிறோம்" என்று எங்களைச் சொல்லச் சொன்னார்கள். மெஹருன்னிசாவிடம் அதைச் சொன்னவளும் நான்தான். அன்று ஐந்தாவது பாடம்.

"வாங்க டீச்சரம்மா. நூலு அடியில கொத்துக் கொத்தா வர்து. ரெண்டு கவுனு கெட்டுப் போச்சு. கடைக்காரர் திருப்பி அனுப்பிட்டார்" என்றார். முகம் வாடியிருந்தது.

பார்த்தேன். மேல்நூலின் பிடி தளர்ந்திருந்தது. சின்னத் திருகாணி ஒன்றை அரைச் சுற்று முறுக்க வேண்டியதுதான், ஆனால் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அது தெரியாது. நான் முறுக்கவில்லை, அவர் கையாலேயே முறுக்க வைத்தேன். ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தார். தையல் எறும்பு வரிசையாக வந்தது. திரும்பவும் தளர்த்தி, திரும்பவும் முறுக்கி, மூன்று தடவை தானாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் என்னை விட்டார். "இன்னும் கழுத்து வைக்கிறது, கை வைக்கிறது எல்லாம் பாக்கி இருக்கு. அடுத்த வாரம் வருவீங்களா?" என்றார். வருவேன் என்றேன்.

அங்கிருந்து தியாகராய நகர் மூன்றரை மைல். பஸ் இருக்கிறது, மவுண்ட் ரோடுக்கு நடந்து, அங்கே ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்து, பெட்டியோடு இரண்டு தரம் ஏறி இறங்க வேண்டும். ஒருமுறை அப்படிப் போய்த் தோள்பட்டை நாலு நாள் தூக்க முடியாமல் போயிற்று. காசிம் பாயே ஒரு ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். (நீங்கள் போவதானால் பத்து மணிக்கு முன் போய்விடுங்கள். அதற்கப்புறம் தேனாம்பேட்டைச் சாலையில் நிழல் கிடையாது, குதிரையும் நடக்காது.)

பனகல் பார்க்குக்குத் தெற்கே புதிதாகக் கட்டிய வீடு. ஜவுளிக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவருடையது. அவர் மனைவி கோமதி அம்மாள் வாசலுக்கே வந்தார்.

"இந்தப் பெட்டிய நீங்களா தூக்கிட்டு வந்திய? ஒரு ஆளு கெடையாதா உங்க கம்பெனில?"

"ஆளுக்குத் தனியாகக் கூலி கிடையாதும்மா."

"நல்ல கம்பெனிதான். முதல்ல மோரைக் குடிங்க. பொறவு மிஷினைப் பாப்போம்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரையும் அழைத்து வைத்திருந்தார். ரவிக்கை கை ஒன்றை அவர்கள் கண் முன்னே தைத்துக் காட்டினேன். கோமதி அம்மாள் மிஷினின் கைப்பிடியைத் தானே சுற்றிப் பார்த்தார். துணி கோணிக்கொண்டு போனது. "பாடம் சொல்லித் தருவியளா? கடைக்கு வந்து ஆம்பளைங்களுக்கு மத்தியில உக்காந்து நான் படிக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். வீட்டுக்கே வந்து பத்துப் பாடம் என்று அவரிடமும் சொன்னேன். உடனே முன்பணம் கொடுத்தார். பக்கத்து வீட்டாரில் இருவர், அவர் கற்றுக்கொண்டதும் தாங்களும் வாங்குவதாகச் சொன்னார்கள். இப்போது நினைத்தால் வாயை அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தியாகராய நகரிலிருந்து அடையாறு ஏறக்குறைய நாலு மைல். அந்த வழிக்கு ஜட்காக்காரர்கள் வர மாட்டார்கள், திரும்பி வரச் சவாரி கிடைக்காதாம். பஸ்ஸில் போனேன். டிக்கட் இரண்டு பஸ்ஸுக்குமாக இரண்டரை அணா, பெட்டிக்கு இரண்டணா. மாறுகிற இடத்தில் ஒன்றரை அணாவுக்குக் காபி. இரண்டாவது பஸ் பின்னால் உலை கட்டிய கரி பஸ். பெட்ரோலுக்கு ரேஷன் கூப்பன் இருக்கும்வரை இந்த வண்டிகள் நம்மை விடாது. அடையாற்றுப் பாலத்துக்குச் சற்று முன்னால், ஏற்றத்தில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். கண்டக்டர் உலையைக் கம்பியால் கிளறினார், புகைதான் வந்தது.

"இன்னொரு பஸ் வருமா?" என்று கேட்டேன்.

"வரும்மா. எப்போன்னு என்னைக் கேக்காதே" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தை நடந்தே தாண்டினேன். முகத்துவாரத்துக் காற்று புடவையை இழுத்தது. ஆற்றில் தண்ணீர் கண்கூசப் பளபளத்தது. வேறொரு நாளாக இருந்தால் நின்று பார்த்திருப்பேன். பத்தடிக்கு ஒருமுறை பெட்டியை இறக்கி வைத்துக் கை மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நாலு நர்ஸுகள் குடியிருந்தார்கள். சேர்ந்து ஒரு மிஷின் வாங்கியிருந்த அவர்களுக்கு நான்கு மணிக்குப் பாடம் என்று பேச்சு. நான் போனபோது ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். டியூட்டிக்குப் போய்விட்டார்கள், வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, எட்டணாவுக்கு ரிக்ஷா பேசி வீடு திரும்பினேன்.

மொத்தம் இரண்டு ரூபாய் பத்தணா. கம்பெனி கொடுத்தது பன்னிரண்டு அணா.

அன்றைய செலவை வைத்து எஸ்டிமேட் எழுதினேன். கொள்ளு விலை, லாடம், ரிக்ஷா டயர் கிடைக்காதது எல்லாவற்றையும் சொல்லி, அடுத்த வருஷம் இதே சுற்றுக்கு மூன்றேகால் ரூபாய்க்குக் குறையாது என்றேன். பஸ் நின்று வீணாகப் போகும் நாட்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டினேன். தியாகராய நகரில் வீடுகள் மேற்கே மேற்கே போய்க்கொண்டிருப்பதால் தூரமும் வளரும் என்று எழுதினேன். இந்தச் சுற்று கம்பெனிக்கு எவ்வளவு வியாபாரம் கொண்டுவந்தது என்பதை எழுதவில்லை. அவர்கள் கேட்கவில்லை, நான் எழுதவில்லை.

இரண்டு வாரம் கழித்து மானேஜர் கூப்பிட்டார். மயிலாப்பூர்க்காரர், எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. முகம் மலர்ந்திருந்தது.

"உங்க எஸ்டிமேட்தாம்மா எல்லாத்துலயும் சுத்தமா இருந்தது. காரணகாரியத்தோட எழுதியிருந்தேள். அதை அப்படியே பம்பாய்க்கு அனுப்பிச்சேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உட்காரக்கூடச் சொன்னார்.

"அவாளும் பார்த்துட்டு இவ்வளவு ஆகும்னா கட்டுப்படியாகாதுன்னுட்டா. இந்த மாசத்தோட வீட்டுப் பாடத்தை நிறுத்திடச் சொல்லியாச்சு. வேணுங்கிறவா மவுண்ட் ரோடு ஷோரூமுக்கு வந்து கத்துண்டு போகட்டும்."

"அப்போ நானும் ஸ்டெல்லாவும்?"

"மாசக் கடைசி வரைக்கும் சம்பளம் உண்டு."

"ஊர் ஊராகப் போகிறார்களே, அவர்களுக்கு?"

"அவா படியை உயர்த்தியாச்சு. அவா விக்கறவா இல்லையோ."

கோமதி அம்மாள் கொடுத்த முன்பணத்தை இந்த மேஜையில் கொண்டுவந்து வைத்தது யார் என்று கேட்க நினைத்தேன். ஆனால் வேறொன்றைக் கேட்டேன்.

"கோஷா வீட்டுப் பெண்கள் மவுண்ட் ரோடுக்கு எப்படி வருவார்கள்? எனக்கு மட்டும் பதினொரு வீட்டில் பாடம் பாக்கி இருக்கிறது."

"ஆத்துல புருஷா இருப்பாளோன்னோ. அவா வந்து கத்துண்டு போய்ச் சொல்லித் தரட்டுமே."

"பத்துப் பாடம் என்று பேசியிருக்கிறோம்."

அச்சடித்த ஒப்பந்தத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார். "பத்துப் பாடம்னுதான் போட்டிருக்கு. ஆத்துக்கு வந்துன்னு எங்கேயாவது போட்டிருக்கா, காட்டுங்கோ."

போட்டிருக்கவில்லை. அதைச் சொன்னது என் வாய். சொல்லச் சொன்னது அவர் வாய். காகிதத்தில் இரண்டும் இல்லை.

ஸ்டெல்லா அன்றே மிஷின் பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு, மீதி மாதச் சம்பளமும் வேண்டாம் என்று போய்விட்டாள். நான் போகவில்லை. மறுநாள் காலை, என் கைக்காசில், திருவல்லிக்கேணிக்குப் போனேன். மெஹருன்னிசாவிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர், "நீங்க சொன்னீங்க, நான் வாங்கினேன்" என்றார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே இருந்த சையதைப் பார்த்து, "கட்டின பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டு மிஷினை எடுத்துக்கட்டும். நீங்க கொண்டு போய் வச்சுட்டு வாங்க" என்றார்.

"நான் உங்களுக்குக் காசு வாங்காமல் வந்து சொல்லித் தருகிறேன்" என்றேன்.

"உங்களுக்குக் குதிரை சும்மா ஓடுதா டீச்சரம்மா? கம்பெனிதானே சொல்லிச்சு. கம்பெனி குடுக்கட்டும்."

அதுவே சரி என்று எனக்கும் பட்டது. அன்று முதல் ஐந்து நாள் பதினொரு வீட்டுக்கும் போய் இதையே சொன்னேன். வேண்டுமென்றால் புகார் சொல்லுங்கள், நான்தான் சொல்லச் சொன்னேன் என்று என் பெயரையும் சொல்லுங்கள் என்றேன். சிலர் பயந்தார்கள். நர்ஸுகள் நால்வரும் சேர்ந்து கடிதம் எழுதினார்கள். சையத் காசிம் பாயின் வண்டியில் மிஷினை ஏற்றிக்கொண்டு மவுண்ட் ரோடுக்குப் போய், ஷோரூம் கண்ணாடிக் கவுண்டரின் மேல் வைத்துவிட்டு, மானேஜர் வரும்வரை அங்கேயே நின்றார். வாங்க வந்தவர்கள் என்ன என்று கேட்க, ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விவரம் சொல்லியிருக்கிறார். கோமதி அம்மாள் தன் கணவரோடு நேரிலேயே வந்தார். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் வாங்கப் போவதில்லை என்பதையும் சொன்னார்.

மானேஜர் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவில்லை.

"நீங்கதானே தூண்டி விட்டேள்?"

"ஆமாம்."

இல்லை என்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. பேனாவை மூடினார், திறந்தார். "கம்பெனி உப்பைத் தின்னுண்டு இப்படிப் பண்ணலாமா?"

"அஞ்சு வருஷமாக மாதம் பத்து ரூபாய் நான்தான் கம்பெனிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன் சார். வண்டிக்காரரைக் கேட்டுப் பாருங்கள்" என்றேன்.

பம்பாய்க்குத் தந்தி போயிற்று. பதில் வந்தது. ஏற்கெனவே விற்ற மிஷின்களுக்குப் பாக்கிப் பாடங்களை வீட்டுக்கே போய் முடித்துக் கொடுப்பது, அதற்கு உண்மையாக ஆகும் வண்டிக்கூலியைக் கொடுத்துவிடுவது, அதன் பிறகு வீட்டுப் பாடம் கிடையாது. சையத் கொண்டுபோய் வைத்த மிஷின் வீடு திரும்பியது. ஸ்டெல்லாவின் வீடுகளையும் நானே எடுத்துக்கொண்டேன். கோமதி அம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருக்க ஏமாத்தப் பாத்தவன்கிட்ட நான் எதுக்கு வாங்கணும்" என்று வேறு கம்பெனி மிஷின் வாங்கி, எனக்குச் சொல்லி அனுப்பி, சம்பளம் பேசிக் கற்றுக்கொண்டார். பக்கத்து வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள்.

பாக்கிப் பாடங்கள் முடிய ஆடி, ஆவணி இரண்டு மாதமும் ஆயிற்று. ஐந்து வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் என் கையிலிருந்து காலணா போகாமல் பிரயாணம் செய்தேன். மெஹருன்னிசாவின் பத்தாவது பாடத்தன்று அவர் சுருக்கு வைத்த கவுன் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை நான் வாய் திறக்காமலே தைத்து முடித்தார். நான் பார்த்துக்கொண்டிருந்ததோடு சரி. மறு வாரம் எனக்கு வேலை போயிற்று.

இப்போது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். தியாகராய நகர் வகுப்பும் நடக்கிறது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. வண்டிக்கூலி நான் எழுதியபடியே ஏறிவிட்டது. போன வாரம் அதே சுற்றுக்கு விசாரித்தேன், மூன்று ரூபாய் ஆறணா. கணக்கில் நான் தப்பவில்லை. தப்பாத கணக்கை வைத்தே என் வேலையை எடுத்தார்கள், நின்ற இடத்தில் எழுதியவர்களுக்குப் படி உயர்ந்தது. இதை எத்தனை தடவை யோசித்தாலும் வயிறு எரிகிறது.

கம்பெனி வேலையாகக் கிளம்பும் பெண்களுக்கு நான் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். பெட்டியோடு போவதானால் ஜட்காக்காரர் ஒருவரையே வாடிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்புக் கூலியை ஏறும்போதே பேசிவிடுங்கள். அடையாற்றுக்கு மாலை நேரத்துப் பாடம் ஒத்துக்கொள்ளாதீர்கள். காலையில் சாந்தோம் வழியாகப் போனால் பாலத்து வெயிலும் இல்லை, பஸ்ஸும் ஓரளவு நம்பிக்கை. பிரயாணச் செலவு ஏறும் என்று எழுதச் சொன்னால் பயப்படாமல் எழுதுங்கள், உண்மையையே எழுதுங்கள். ஆனால் அதே தாளில், அந்தப் பிரயாணத்தில் விற்றது என்ன, முன்பணம் வந்தது எவ்வளவு, யார் வீட்டுக்குள் உங்களைத் தவிர வேறு யாராலும் போக முடியாது என்பதையும், அவர்கள் கேட்காவிட்டாலும் எழுதிவிடுங்கள். பிரதி ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

இன்னொன்று. கம்பெனிக்காக ஒரு வீட்டில் எதையாவது வாயால் வாக்குக் கொடுக்கச் சொன்னால், அதை முதலில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். தர மாட்டோம் என்றால், அந்த வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.